தங்கமா, யூரோவா? ஜெர்மனியின் குர்து கல்யாண மொய்

துருக்கியிலிருந்து ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்த குர்து குடும்பங்களின் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால், முதல் குழப்பம் இதுதான்: தங்கக் காசா, உறையில் பணமா?

விலை: துருக்கியின் கால் தங்கக் காசு (முழுக் காசில் நான்கில் ஒரு பங்கு) 1.75 கிராம், 22 காரட். சுத்தத் தங்கம் சுமார் 1.6 கிராம். விலை தினமும் மாறும். பணம் என்றால் கைக்கு ஏற்றபடி வைக்கலாம்.

கொடுக்கும் விதம்: காசைச் சிவப்பு ரிப்பனில் கோத்து, ஊசியால் மணமக்கள்மேல் குத்துவார்கள். மெல்லிய பட்டில் நேராகக் குத்தினால் துணி கிழியும். தோளில் போடும் பட்டையில் குத்துவதே நல்லது. பணத்தையும் குத்தலாம், பெட்டியிலும் போடலாம். பெட்டியில் போட்டால் உறைமேல் பெயர் அவசியம். பெயரில்லாத உறையால் பதில் மொய் கணக்கே குழம்பிவிடும். நம் மொய் நோட்டுச் சங்கடம் அங்கேயும் உண்டு!

பின்னால்: பணம் மண்டப வாடகைக்கும் பாடகர் கூலிக்கும் உடனே உதவும். தங்கம் சேமிப்பாக நிற்கும், ஆனால் விற்கும்போது கடைக்காரர் வாங்கும் விலை குறைவு. காசு இருக்கும் சீல் வைத்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பேரம் எளிது.

எல்லையில்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும்போதும் வெளியேறும்போதும் 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். 2021 ஜூன் முதல் குறைந்தது 90 சதவீதத் தங்கம் உள்ள காசுகளும் இந்தக் கணக்கில் சேரும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நெருங்கிய சொந்தமென்றால் தங்கம். உடன் வேலை செய்பவர், பக்கத்து வீட்டார் என்றால் பெயரெழுதிய உறை.