ஹட்டன் கொமினிகேசன் கடை: விண்ணப்பம் போடப் போங்கள், முடிவு பார்க்கப் போக வேண்டாம்

ஹட்டன் டவுனில் போட்டோ கொப்பி அடிக்கிற கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆட்டோ ஓட்டுகிறவன் என்பதால் எல்லாக் கடை வாசலிலும் ஆள் இறக்கியிருக்கிறேன். ஆனால் கெம்பஸ் (பல்கலைக்கழக) விண்ணப்பம் என்று யாராவது ஏறினால் நான் நிறுத்துவது ஒரே கடையில்தான். டிக்கோயாப் பக்கம் போகும் வீதியில், பார்மசிக்கு மேல்மாடி. போர்டில் பெயர் எப்போதோ அழிந்துபோய்விட்டது. கொமினிகேசன் அண்ணன் கடை என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

என் தங்கச்சி உயிரியல் பிரிவில் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) செய்தவள். முதல் சுற்றில் பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் ஏற்றுமதி விவசாயம் கிடைத்தது. பதிந்தும் ஆயிற்று, பதியாமல் விட்டால் இருந்ததும் போகும். அவள் ஆசைப்பட்டது பேராதனையில் மிருக வைத்தியம். வெட்டுப்புள்ளிக்கும் (இடம் கிடைக்க வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி) அவளுடைய இசட் புள்ளிக்கும் (ஏ.எல். பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணக்கிடும் புள்ளி) இடையில் கிடப்பது தசமத்துக்குப் பிறகு வரும் சில்லறைதான். கிடைத்த யாராவது பதியாமல் விட்டால், வெற்றிடம் நிரப்பும்போது இவள் மேலே போகலாம். இப்போது வீட்டில் சோறு இறங்காமல் இருப்பது அதற்காகத்தான்.

அப்படி ஒரு வாய்ப்பு மிஞ்சியிருப்பதே அந்தக் கடையால்தான். விருப்பத்தெரிவு ஒழுங்கை, அதாவது எந்தக் கற்கை முதல், எது அடுத்தது என்ற பட்டியலை, நிரப்பும்போது அப்பா, "கிடைக்காததை எழுதி என்ன செய்ய, கிடைக்கிறதை முதல்ல போடு பாப்பா" என்றார். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள். கடைக்காரர் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். "ஐயா, மேலேயிருந்துதான் பார்த்துக்கிட்டு வருவாங்க. புள்ளி எதுக்குக் காணுதோ அதுல நிப்பாட்டிருவாங்க. அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் செத்த கோடு. மேல உள்ளதுக்குத்தான் பிறகு இடம் வந்தா தருவாங்க. பிள்ளைக்கு எது விருப்பமோ அது உச்சியில இருக்கட்டும், நட்டமில்ல." மிருக வைத்தியம் முதலாவதாக ஏறியது அப்படித்தான். விண்ணப்பிக்கும் பிள்ளைக்குத் திரை தெரிகிற மாதிரி பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருக்கிறார். மற்றக் கடைகளில் திரை அவர்கள் பக்கம், நாம் கவுண்டருக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்க வேண்டும்.

பெயர் விஷயத்திலும் ஆள் கெட்டிக்காரர். தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி இருப்பது நம் பக்கம் புதிதல்ல. இவர் எல்லாக் கடதாசியையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்க்கிறார். தங்கச்சியின் கடதாசியில் முதலெழுத்து ஒன்று மாறியிருந்தது. ஜே.பி. (சமாதான நீதவான்) ஒருவரிடம் சத்தியக் கடதாசி எடுத்துக்கொண்டு வரச் சொல்லி, வந்த பிறகுதான் மேலே போனார். அதற்குள் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்; அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது தபால் ஏற்பாடு. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வீட்டு இலக்கம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஒபிஸுக்குப் போய், அங்கிருந்து யாராவது நம் டிவிஷனுக்கு (தோட்டத்தின் ஒரு பிரிவு) வரும்போது கையோடு கொண்டுவந்தால்தான் உண்டு. எங்கள் லயத்தில் ஒரு பையனுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்து சேர்ந்தது, திகதி முடிந்த பிறகு. இந்தக் கடைக்காரர் நிரந்தர வதிவிடத்துக்குத் தோட்டத்தையும், தபால் முகவரிக்குத் தன் கடையையும் போட்டுக்கொடுக்கிறார். கடிதம் வந்தால் ஒரு சீ.ஆர். கொப்பியில் பதிந்துவிட்டுப் போன் எடுப்பார். இதற்குக் காசு வாங்குவதில்லை. கடிதம் எடுக்க வருகிறவன் நாலு கொப்பி அடிக்காமல் போகமாட்டான் என்பது அவருக்குத் தெரியும், அது வேறு.

சரி, குறைக்கு வருகிறேன். முடிவு வருகிற காலத்தில் அந்தக் கடை வாங்கு (பெஞ்சு) முழுக்க அம்மா அப்பாமார். ஒரு தடவை முடிவு வரும் இணையத்தளத்தைப் பார்த்துச் சொல்ல ஐம்பது ரூபாய். அதே தளம்தான் கைப்போனிலும் திறக்கும். எங்கள் டிவிஷனில் கோயில் மேட்டுக்கு ஏறினால் சிக்னல் தாராளமாக இருக்கிறது. கேட்டால் "இந்தக் கிழமை வந்துரும்" என்கிறார், போன கிழமையும் அதையேதான் சொன்னார். யாரோ அனுப்பிய வட்ஸ்அப் படத்தைக் காட்டி, பதுளையில் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதாம் என்று ஒரு கதை. அன்று தங்கச்சி தூங்கவில்லை.

கோட்டா (மாவட்ட இட ஒதுக்கீடு) பற்றி அந்த வாங்கில் நடக்கும் சண்டையைத் தனியாக எழுதலாம். நாவலப்பிட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், "உங்களுக்கென்ன, நுவரெலியா ஆட்கள்" என்று என்னிடம் சீறினார். கடைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். மாவட்ட முறை உள்ள கற்கைகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் நுவரெலியா, பதுளை இருக்கின்றன, கண்டி இல்லை. ஹட்டன் நுவரெலியா மாவட்டம், நாவலப்பிட்டி கண்டி மாவட்டம். இரண்டு பக்கமும் கொழுந்து பறிக்கிற கைதானே என்று அந்த அம்மா கேட்டதற்கு வாங்கில் யாரிடமும் பதில் இல்லை. தாளை ஒட்டியவரிடமும் இல்லை.

இன்னொன்று, கடையில் நிற்கிற பையனிடம் மூலப் பிரதியைக் கொடுக்காதீர்கள். கேட்காமலே லெமினேட் பண்ணிவிடுகிறான். தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழ் மெஷினுக்குள் பாதி போகும்போதுதான் நான் கண்டு இழுத்தேன், ஓரம் சுருங்கிவிட்டது. பையன் சிரித்துவிட்டு, "பளபளப்பா இருக்கும் அண்ணே" என்றான்.

போகிறவர்கள் காலையில் போங்கள். பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டால் எள் விழ இடமிருக்காது. கிராம சேவகரிடம் வதிவிடக் கடிதம் எடுத்துக்கொண்டே போங்கள், மூன்று வருட வதிவிடத்தைக் காட்டச் சொல்லித் திருப்பி அனுப்பினால் இன்னொரு ஆட்டோக் கூலி. அது எனக்கு லாபம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

பேராதனை வருமோ வராதோ, தங்கச்சிக்குப் பதுளை ஹொஸ்டலுக்குப் பெட்டி வாங்கியாயிற்று. கடைக்கு என் கணக்கில் நாலு நட்சத்திரம். குறைத்த ஒன்று அந்த லெமினேட் மெஷினுக்கு.