பார்சலா, சார்ட்டரா: சரக்கு விமானிக்கு எது ஒத்துவரும்?

சரக்கு விமானம் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த விமானம், எவ்வளவு சம்பளம் என்றுதான். எங்கே, எத்தனை மணிக்குத் தூங்குவோம் என்று யோசிப்பவர் குறைவு. கூரியர் பெட்டிகளைக் கொண்டுபோகும் பார்சல் வேலைக்கும், வாடகைக்குப் பறக்கும் சார்ட்டர் வேலைக்கும் உள்ள பெரிய வித்தியாசமே அந்தத் தூக்கத்தில்தான் இருக்கிறது. இன்டர்வியூவிலும் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்பார்கள்.

முதலில் பார்சல். ஃபெடெக்ஸுக்கு மெம்பிஸ், யுபிஎஸ்ஸுக்கு லூயிவில், டிஎச்எல்லுக்கு லைப்சிக் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பெரிய ஹப், அதாவது பெட்டிகள் வந்து பிரிந்து போகும் மையம். இரவு ரோஸ்டர் (பணி அட்டவணை) கிட்டத்தட்ட ஒரே தடத்தில் ஓடும். மாலைக்கு மேல் ஓர் ஊரிலிருந்து கிளம்பி நள்ளிரவை ஒட்டி ஹப்பில் இறங்குவீர்கள். கன்வேயரில் பெட்டிகள் பிரிந்து முடியும்வரை சில மணி நேரம் கிடைக்கும். விமானிகளுக்கென்று அங்கே இருட்டறைகள் உண்டு. ஷூவைக் கழற்றிவிட்டுப் படுத்து, கண் அசந்ததும் அலாரம் அடித்துவிடும். மறுபடி காக்பிட். அதிகாலை 2 முதல் 6 வரை உடல் மிகவும் மந்தமாக இருக்கும் நேரம் என்பது விமானத் துறையின் கணக்கு. இரண்டாவது பயணம் பல நாள் அதற்குள்தான் வந்து விழும்.

இதன் விலை என்ன என்பதற்கு 2013 ஆகஸ்ட் 14 சாட்சி. லூயிவில்லில் இருந்து அமெரிக்காவின் பர்மிங்ஹாம் போன யுபிஎஸ் 1354 சரக்கு விமானம், விடிவதற்கு முன் ஓடுபாதைக்குச் சற்று முன்னால் தரையில் மோதியது. விமானிகள் இருவரும் இறந்தார்கள். சரக்கு விமானிகளுக்கும் பயணிகள் விமானிகளுக்கும் ஓய்வு விதி ஏன் வேறு என்று அன்று அவர்களே பேசிக்கொண்டது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. அமெரிக்காவின் புதிய ஓய்வு விதி 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோதும் சரக்கு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. விபத்து விசாரணை அறிக்கை விமானிகள் பக்கமும் பார்த்தது. பணியில்லாத நேரத்தைத் துணை விமானி ஓய்வுக்குச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. கசப்பான வரிதான். ஆனால் இன்டர்வியூவுக்குப் போகிறவர் இரண்டு முறை படிக்க வேண்டிய வரி.

சார்ட்டர் வேறு உலகம். விமானம், விமானிகள், பராமரிப்பு, காப்பீடு நான்கையும் சேர்த்து அடுத்தவருக்கு வாடகைக்கு விடும் தொழில் இது. அட்லஸ் ஏர் பெரிய உதாரணம். போயிங் தயாரித்த கடைசி 747 அவர்களுக்குத்தான் 2023 ஜனவரியில் போய்ச் சேர்ந்தது. இங்கே இரவு, பகல் என்ற பேச்சே கிடையாது. ஹாங்காங்கில் ஏறி அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கும்போது உங்கள் வயிற்றுக்கு ஒரு மணி, கடிகாரத்துக்கு ஒரு மணி. வீட்டை விட்டுப் போனால் திரும்ப இரண்டு வாரத்துக்கு மேல்கூட ஆகும். ஒருநாள் பூ, ஒருநாள் எண்ணெய்க் கிணற்றுக் குழாய், இன்னொருநாள் பின்னால் பராமரிப்பாளர்களோடு பந்தயக் குதிரைகள். (குதிரை இருந்தால் லேண்டிங்கை மெத்தென்று போட வேண்டும் என்ற கவலை தனி.)

சார்ட்டரில் தூக்கத்துக்கு அடுத்த தலைவலி சுமை. 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் இருந்து கிளம்பிய நேஷனல் ஏர்லைன்ஸ் 747இல் ஐந்து ராணுவக் கவச வண்டிகள் இருந்தன. கட்டு போதாமல் ஒன்றாவது பின்னால் நகர்ந்து, ஹைட்ராலிக் குழாய்களையும் வால் பகுதியின் இயக்கத்தையும் நாசமாக்கியது. விமானத்திலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். சுமையை ஏற்றிக் கட்டும் பொறுப்பாளரான லோட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டாரே என்று கேப்டன் நகர்ந்துவிட முடியாது.

சம்பளம், வேலை நிரந்தரம் இரண்டிலும் பெரிய பார்சல் நிறுவனங்கள் பக்கமே தட்டு தாழும். அதனாலேயே அங்கே வரிசையும் நீளம். சார்ட்டரில் சீக்கிரம் கேப்டன் ஆக வழியுண்டு, ஆனால் சந்தை படுத்தால் வேலையும் ஆடும். செஸ்னா கேரவான் என்ற சிறிய விமானத்தில் சின்ன ஊர்களுக்குப் பார்சல் கொண்டுபோகும் ஃபீடர் வேலை மூன்றாவது வழி. பறந்த மணிக்கணக்கு சேரும், கை நன்றாகப் பழகும். அதை ஒரு படியாகப் பார்ப்பவர்களே அதிகம்.

இப்போது இன்டர்வியூ. “ஏன் சரக்கு?” என்ற கேள்விக்கு, “பெட்டிகள் புகார் சொல்லாது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எதிரே இருப்பவர்கள் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். பார்சல் நிறுவனமென்றால், “களைப்பாக இருக்கிறது, ஓட்ட மாட்டேன் என்று எப்போது சொன்னீர்கள்?” என்பதற்குக் கதை தயாராக இருக்க வேண்டும். “எனக்குக் களைப்பே வந்ததில்லை” என்பவரை நம்பமாட்டார்கள். எத்தனை மணிக்குப் படுத்தேன், ஏன் தூக்கம் வரவில்லை, யாரை எப்போது கூப்பிட்டேன், பிறகு என்ன மாற்றிக்கொண்டேன் என்று விவரமாகச் சொன்னால் எடுபடும். சார்ட்டரில் கேள்வி திரும்பும்: எடைத் தாளில் ஏதோ இடிக்கிறது, வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார், என்ன செய்வீர்கள்? அந்த நாட்டில் கம்பெனி ஆள் ஒருவரும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

இரண்டுக்கும் பொதுவானது தீ. மெயின் டெக்கில் (சரக்கு ஏற்றும் முக்கியத் தளத்தில்) தீப்பிடித்தால் பல சரக்கு விமானங்களில் அணைக்கும் வாயு இருக்காது. காற்றோட்டத்தை நிறுத்தி, காற்றழுத்தத்தை இறக்கி, தீயைத் திணறடிக்க வேண்டும். 2010இல் துபாயில் யுபிஎஸ் 6 என்ற சரக்கு விமானம் லித்தியம் பேட்டரிச் சுமையோடு எரிந்து விழுந்த கதையைத் தெரியாமல் உள்ளே போகாதீர்கள்.

சிமுலேட்டர் தேர்வுக்கு ஆட்டோபைலட் இல்லாமல் வெறும் கருவிகளை வைத்து ஓட்டிப் பழகுங்கள். லாக்புக்கில் பறந்த மணிகளின் கூட்டலை மறுபடி சரிபாருங்கள். பழைய தேர்வில் தோற்றிருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் விமானிகளின் பதிவுகளுக்கென்றே அரசுத் தரவுத்தளம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், பகலில் இருட்டு அறையில் தூங்க முடிந்தவருக்குப் பார்சல், எந்த நேரத்திலும் கிடைத்த இடத்தில் தூங்க முடிந்தவருக்குச் சார்ட்டர். கடைசியில் “எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். களைப்பு என்று சொல்லி ஒதுங்கிய விமானிக்கு மறுநாள் யாரிடமிருந்து போன் வரும் என்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.