விண்கப்பல் கட்டுப்பாட்டறை: காட்பாடிப் பட்டறை ஒன்றின் வேலைப்பாடு

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நடந்த அறிவியல் நாடகத்துக்காக, விளம்பரப் பலகையும் மேடை அலங்காரமும் செய்துதரும் காட்பாடிப் பட்டறை ஒன்றில் விண்கப்பலின் கட்டுப்பாட்டறையைச் செய்யக் கொடுத்தோம். 1987இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் கட்டுப்பாட்டறைப் படங்களை மாதிரியாகக் காட்டினேன்.

அந்த அறைக்கு உயிர் கொடுப்பவை, அந்தத் தொடரின் வரைகலைக் கலைஞர் மைக்கேல் ஒகூடா வடிவமைத்த கறுப்புப் பலகைகள். அவற்றில் அழுத்தினால் உள்ளே போகும் விசை எதுவும் கிடையாது. பின்னாலிருந்து வரும் ஒளியில் வண்ணக் கட்டங்கள் மட்டுமே மிளிரும். நம் பட்டறைக்காரர் கறுப்பு வினைல் தாளில் கட்டங்களை இயந்திரத்தால் வெட்டி, அதன் பின்னே ஒளி ஊடுருவும் வண்ணத் தாளையும், அதற்கும் பின்னே 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக்கையும் வைத்தார். முதலில் எல்.இ.டி. பட்டைகளை அக்ரிலிக்கிலிருந்து ஓர் அங்குலத்திலேயே ஒட்டியிருந்ததால், ஒவ்வொரு விளக்கும் தனித்தனிப் புள்ளியாகத் தெரிந்து கண்ணை உறுத்தியது. சொன்னதும் முகம் சுளிக்காமல் பெட்டியின் ஆழத்தை நான்கு அங்குலமாக்கி, உட்புறம் முழுவதும் வெள்ளை வண்ணம் பூசினார். அதன்பின் விளக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு ஒளி சீராகப் பரவியது. இந்த ஒரு வேலைக்காகவே அவரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

தலைவர் இருக்கைக்கு ரெக்சின் போதும் என்றுதான் கேட்டிருந்தேன். அவரோ ஆம்பூரிலிருந்து தோல் துண்டுகளை வாங்கிவந்து, நிறம் பொருந்தும்படி தேர்ந்து இணைத்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். தோல் பதனிடும் ஊர்கள் அருகிலேயே இருப்பதன் பயனை அந்தக் கைப்பிடியைத் தொட்டபோது உணர்ந்தேன்.

இருக்கைக்குப் பின்னால் லாட வடிவில் வளையும் மரத் தடுப்பில்தான் குறை. பிளைவுட்டின் பின்பக்கத்தை ரம்பத்தால் வரிவரியாகக் கீறி வளைத்து, மேலே மரநிறச் சன்மைக்கா ஒட்டியிருக்கிறார்கள். பக்கவாட்டு ஒளி விழும்போது, கீறிய இடங்களுக்கு நேரே வளைவு உடைந்து, பட்டை பட்டையாகத் தெரிகிறது. கீறல்களை இன்னும் நெருக்கமாகப் போட்டிருக்கலாம்.

முழு அமைப்பையும் ஐந்து துண்டுகளாக்கி, போல்ட்டால் இணைத்ததால், குட்டி யானை வண்டியில் ஒரே நடையில் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. 1966இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரிலும் வட்டமான கட்டுப்பாட்டறையைத் துண்டுகளாகத்தான் செய்தார்கள். கேமராவுக்கு வழிவிட, வேண்டிய துண்டைக் கழற்றிக்கொள்வார்கள்.

தகரக் கொட்டகையில், வேலூர் வெயிலில் இரண்டு நாள் இருந்ததில் வினைலின் ஓரங்கள் எழும்பிவிட்டன. தொலைபேசியில் சொன்ன அன்று மாலையே ஆள் வந்து, வெப்பக்காற்றால் இளக்கி, மீண்டும் அழுத்தி ஒட்டிக் கொடுத்தார். அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை. அடுத்த ஆண்டு நாடகத்துக்குத் தடுப்பை மட்டும் தேக்கு வெனீரில் (மெல்லிய மரத்தகடு) புதிதாகச் செய்யச் சொல்லி, இப்போதே முன்பணம் கொடுத்திருக்கிறோம்.