ஸ்லாட்டா கொருனாவா, விஷ்ஷி ப்ரோட்டா?

செக் நாட்டின் தெற்கே, வல்தாவா ஆற்றங்கரையில் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபையின் இரண்டு பழைய மடங்கள் இருக்கின்றன. விஷ்ஷி ப்ரோட் 1259-இல் ரோஸம்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்து வோக் கட்டியது. நான்கே வருடம் கழித்து, 1263-இல், மன்னர் இரண்டாம் ஒட்டோகர் ஸ்லாட்டா கொருனாவில் தன் மடத்தை எழுப்பினார். அந்தப் பக்கம் ரோஸம்பெர்க் வகையறாவின் கை ஓங்கிக்கொண்டிருந்தது, அதற்கு எதிராக மன்னர் ஊன்றிய கால் இது.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் சொல்வது ஸ்லாட்டா கொருனா. போன தடவை விஷ்ஷி ப்ரோட், இந்தத் தடவை இது.

விஷ்ஷி ப்ரோட்டில் நான் இருந்தது ஒரு மதியம் மட்டும், அதனால் என் தீர்ப்பை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதாயிரம் நூல்கள் கொண்ட நூலகம், பொன்னும் மணியும் இழைத்த ஸாவிஷ் சிலுவை, 1990-இல் திரும்பி வந்த துறவிகள் என்று எல்லாம் சிறப்பு. கலைப்பொருள்தான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே போங்கள்.

என்னை இந்தப் பக்கம் சாய்த்தது ஒரே விஷயம்: துறவிகள் போன பிறகு கட்டடம் பட்ட பாடு. 1420-இல் ஹுஸைட்டுகள், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த யான் ஹுஸின் வழிவந்தவர்கள், ஸ்லாட்டா கொருனாவைக் கொளுத்தினார்கள். அப்புறம் மடத்து நிலமெல்லாம் ரோஸம்பெர்க் கைக்கே போனது, யாரைத் தடுக்கக் கட்டினாரோ அவர்களிடமே. 1785-இல் பேரரசர் இரண்டாம் யோசெஃப் மடத்தை மூடிவிட, துறவிகள் நடந்த கூடங்களில் துணி நெய்தார்கள், தீக்குச்சி செய்தார்கள், கடைசியில் இரும்பு வார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தக் கதைதான். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பெரிய தேவாலயத்தின் உயரமான கோதிக் வளைவுகளுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது, இத்தனைக்கும் பிறகு இது நிற்கிறதே என்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

போக்குவரத்திலும் இதுவே சுலபம். இந்தப் பகுதியின் பெரிய நகரமான செஸ்கே புதெயோவிட்சேயில் ஏறினால் நேர் ரயில். விஷ்ஷி ப்ரோட்டுக்கு ரிப்னிக் நிலையத்தில் வண்டி மாற வேண்டும். என்ன, ஸ்லாட்டா கொருனாவில் நிலையம் மேட்டில் இருக்கிறது, ஊர் கீழே, திரும்பும்போது மூச்சு வாங்கும்.

மடத்தை மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. சாயங்காலம் தடுப்பணைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். விஷ்ஷி ப்ரோட்டிலிருந்து துடுப்புப் போட்டு வருகிறவர்கள் “அஹோய்!” (செக் மொழியில் வணக்கம்) என்று கத்திக்கொண்டே கரை ஒதுங்கினார்கள். இரண்டு மூன்று நாள் இருந்தால் நீங்களும் அங்கே படகு எடுத்து இங்கே வந்து இறங்கலாம், இரண்டு மடத்தையும் பார்த்த மாதிரி ஆகிவிடும்.