லட்சத்தீவு: கப்பல் சுற்றா, அகத்தியா, கத்மத்தா?

லட்சத்தீவுக்குப் போக நினைப்பவர்களுக்கு நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, கொச்சியில் கப்பல் ஏறி கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் பகலில் இறங்கிப் பார்த்துவிட்டு, இரவு கப்பலிலேயே தூங்கும் 'சமுத்திரம்' சுற்றுலா. இரண்டாவது, விமானத்தில் அகத்தி போய் அங்கே தங்கி, பங்காரத்துக்கும் தின்னகராவுக்கும் படகில் போய் வருவது. மூன்றாவது, கத்மத் தீவுக்குப் போய் அங்கேயே இருந்துவிடுவது. நான் கப்பலிலும் போயிருக்கிறேன், அகத்தியிலும் கத்மத்திலும் தங்கியும் இருக்கிறேன். யார் கேட்டாலும் கத்மத் என்றுதான் சொல்கிறேன். ஏன் என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மூன்று வழிக்கும் நுழைவு அனுமதி வேண்டும். எந்தத் தீவுக்கு அனுமதி வாங்கினோமோ அந்தத் தீவுக்குத்தான் அது செல்லும். பங்காரம் தவிர மற்ற இடங்களில் மது கிடையாது. அக்டோபரிலிருந்து மே முதல் பாதி வரை போகலாம். அப்புறம் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும். கடற்கரை எங்கும் வெள்ளை மணல்தான், தண்ணீர் எங்கும் நீலம்தான். படங்களை வைத்து ஒரு தீவைத் தேர்ந்தெடுக்க முடியாது. பேசுவது பெரும்பாலும் மலையாளத்தின் ஒரு வட்டார வழக்கு. நிதானமாகப் பேசினால் நமக்குப் பாதிக்கு மேல் புரிந்துவிடும். மினிக்காயில் மட்டும் மஹல் என்ற வேறு மொழி. அது மாலத்தீவு மொழிக்கு நெருக்கமானது.

சரி, தேர்வைத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். செலவோ அறை வசதியோ இங்கே பெரிய விஷயமில்லை. கடல் ஏறுவதும் வற்றுவதும்தான் பெரிய விஷயம்.

இந்தத் தீவுகளின் அமைப்பு தெரிந்தால் இது எளிதாகப் புரியும். பவளப்பாறை வளையத்துக்கு நடுவே அடங்கிக் கிடக்கும் ஆழமற்ற கடலைத்தான் லகூன் என்கிறோம். லட்சத்தீவில் பெரும்பாலான தீவுகள் அந்த வளையத்தின் கிழக்கு விளிம்பில் நீளமாகக் கிடக்கின்றன, லகூன் மேற்கே இருக்கிறது. பருவக்காற்று கொண்டுவரும் பெரிய அலைகள் மேற்குப் பாறையில் மோதி உடைகின்றன. உடைந்த பவளத் துகளும் மணலும் அலை தணிந்த கிழக்குப் பக்கம் சேர்ந்து தீவாகியிருக்கின்றன. ஆந்த்ரோத் மட்டும் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கும் தீவு. அங்கே சொல்லிக்கொள்ளும்படி லகூன் கிடையாது, அதனால்தான் சுற்றுலாப் பட்டியலில் அதன் பெயர் அதிகம் வருவதில்லை.

லகூனில் பல இடங்களில் ஆழம் ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. கடல் மட்டம் ஏறி இறங்கும் உயரம், அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஒரு மீட்டரைத் தாண்டும். நடுக்கடலில் ஒரு மீட்டர் ஒன்றுமே இல்லை. இடுப்பளவு நீரில் அதுதான் எல்லாம். ஏற்றத்தின்போது பவளத்துக்கு மேலே உடல் படாமல் மிதந்து போகலாம், மீன்கள் பாறை மேலேயே வந்து மேயும். வற்றும்போது அதே பாறையின் தலை வெளியே தெரியும். அந்த நேரத்தில் ஸ்நார்க்கெல் (நீர்மேல் மிதந்தபடி மூச்சுவிடும் குழாய்) போட்டு இறங்கினால் முழங்காலும் கிழியும், பவளமும் உடையும். படகு பாறையின் இடைவெளி வழியாக வெளிக்கடலுக்குப் போக வேண்டும் என்றாலும் தண்ணீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டிய இடங்கள் உண்டு. தண்ணீர் ஏறும், வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 9 மணிக்கு நன்றாக இருந்த இடம் அடுத்த வாரம் அதே நேரத்தில் வறண்டு கிடக்கலாம்.

இப்போது கப்பல் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இறக்குகிறார்கள், சாயங்காலம் ஏற்றிக்கொள்கிறார்கள். அன்று அந்த நேரத்தில் தண்ணீர் எப்படி இருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைத்த லகூன். கல்பேனியில் எனக்கு ஏற்றம் வாய்த்தது. திலாக்கம், பிட்டி என்ற குட்டித் தீவுகளையும் சேர்த்து அணைத்திருக்கும் அந்தப் பரந்த லகூன் கண்ணாடிபோல நிறைந்து நின்றது. கவரத்தியில் நாங்கள் இறங்கிய நேரம் வற்றம். அதே கடலை வேறு நேரத்தில் பார்த்தவர்கள் சொல்லும் அழகில் கால்வாசிகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மறுநாள் கப்பல் வேறு தீவில் நிற்கும். விடிகாலையிலும் அந்தியிலும் லகூன் எப்படி இருக்கும் என்பதையும் கப்பலில் போகிறவர் பார்க்கவே முடியாது.

இறங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல் அமைதியாக இருந்து, கிழக்குப் பக்கம் துறையும் இருந்தால் கப்பல் அங்கே கட்டும். இல்லையென்றால் பாறைக்கு வெளியே நிற்கும். ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகுக்கு, ஆட்கள் கையைப் பிடித்து நம்மை இறக்குவார்கள். அந்த ஆட்கள் இதில் கைதேர்ந்தவர்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூட்டுவலி உள்ள அம்மாவையோ கைக்குழந்தையையோ அழைத்துப் போகிறவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிரமம் அகத்தியில் இல்லை. 7 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளமுள்ள ஒல்லியான தீவு, அதன் தென்கோடியில் ஓடுபாதை. இறங்கும்போது இரண்டு பக்க ஜன்னலிலும் கடல்தான். கொச்சியிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம். கப்பல் என்றால் 459 கிலோமீட்டர், ஒரு முழு இரவும் அதற்கு மேலும் ஆகும். ஓடுபாதை குட்டை என்பதால் சிறிய விமானங்கள்தான் வரும், இருக்கைகள் குறைவு. டிக்கெட் கிடைத்த பிறகுதான் மற்றதைத் திட்டமிட வேண்டும்.

அகத்தி லகூனில் பேராமைகள் நிறைய. கரையிலிருந்தே தலை தூக்கி மூச்சு விடுவதைப் பார்க்கலாம். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2000-களில் இங்கே பேராமைகள் பெருகி, லகூன் தரையிலிருந்த கடற்புல்லை மேய்ந்து தீர்த்தன. புல்லை நம்பியிருந்த மீன் குறைந்தது என்று மீனவர்களுக்கு ஆமைகள் மேல் வருத்தம். புல் தீர்ந்ததும் ஆமைக் கூட்டங்கள் மற்ற லகூன்களைத் தேடிப் போயின. ஓர் உயிரினம் பெருகினால் கடலுக்கு நல்லதுதான் என்று பொதுவாக நினைத்திருந்த எனக்கு இது பெரிய பாடமாக இருந்தது.

பங்காரமும் தின்னகராவும் ஒரே லகூனைப் பகிர்ந்துகொள்ளும் தீவுகள். அதே வளையத்தில் இருந்த பரளி-1 என்ற குட்டித் தீவு அரித்து அரித்து இப்போது இல்லாமலே போய்விட்டது. பங்காரம் அழகுதான், மறுக்கவே மாட்டேன். ஆனால் அகத்தியில் தங்கிக்கொண்டு ஒரு பகல் அங்கே போய் வந்தால், கப்பல் சுற்றில் சொன்ன அதே குறைதான். படகுக்காரர் குறித்த நேரமும் கடல் ஏறும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். பங்காரத்திலேயே இரவு தங்கினால் கணக்கு மாறும், செலவும் நன்றாகவே ஏறும்.

கத்மத் 9 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அகலமோ மிகக் குறைவு, எங்கே நின்றாலும் இரண்டு கரையும் பக்கம். மேற்கே சுமார் ஒன்றரை கிலோமீட்டர் அகலத்துக்கு ஆழமற்ற லகூன். கிழக்கேயும் ஒரு குறுகிய லகூன் உண்டு, இந்தத் தீவுக்கூட்டத்தில் இது அபூர்வம். அறையிலிருந்து மணலுக்கு நடை, மணலிலிருந்து தண்ணீருக்கு நடை. படகையோ கூட்டத்தையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. காலையில் வற்றியிருந்தால் சாப்பிட்டுவிட்டு, நிழலில் படுத்துவிட்டு, தண்ணீர் ஏறியதும் இறங்கலாம். இரண்டாம் நாளே உடம்புக்கு அந்த நேரம் பழகிவிடும். வற்றிய நேரமும் வீண் போகாது. மணல்திட்டில் கணுக்கால் நீரில் நடந்தால் நண்டும், கடல் அட்டையும், குட்டித் திருக்கையும் கண்ணில் படும். கடல் அட்டையைத் தொட வேண்டாம், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். பவளத்தின் மேல் கால் வைக்கவும் வேண்டாம்.

காயக் என்ற துடுப்புப் படகு, காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபா எல்லாவற்றுக்கும் கத்மத்தில் ஆள் உண்டு. ஸ்கூபாவில் எனக்கு ஆரம்பப் பாடம் வரைதான் அனுபவம். நன்றாக மூழ்கத் தெரிந்தவர்கள் வெளிப் பாறையைப் பற்றி வேறு மாதிரி முடிவுக்கு வரலாம்.

கத்மத்தின் குறை, போய்ச் சேருவதுதான். கொச்சியிலிருந்து கப்பலில் 407 கிலோமீட்டர். அல்லது அகத்தி வரை விமானம், அங்கிருந்து தீவுகளுக்கு இடையே ஓடும் படகு. படகு நேரம் காற்றைப் பார்த்து மாறும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை அகத்தியில் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு அனுமதிச் சீட்டில் இரண்டு தீவின் பெயரும் இருக்க வேண்டும்.

பவளம் எந்தத் தீவில் நன்றாக இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 1998, 2010, 2016, மறுபடி 2024 என்று கடல் சூடேறிப் பவளம் வெளுத்த ஆண்டுகள் எல்லாத் தீவையும் தொட்டிருக்கின்றன. அகத்தி, கத்மத், கவரத்தி மூன்றிலும் 1998 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே ஒரு தீவு மற்றதைவிடப் பிரமாதம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரே லகூனுக்குள் ஒரு திட்டு உயிரோடும் பக்கத்துத் திட்டு பாசி பிடித்தும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பல நாள் தங்குகிறவருக்கு நல்ல திட்டைத் தேடிப் பிடிக்க நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

கப்பலுக்கு ஆதரவாக வலுவான காரணம் ஒன்று உண்டு, அது மினிக்காய். 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கம், நீண்ட பந்தயப் படகுகள், சூரை மீனைக் கழியும் தூண்டிலும் கொண்டு ஒவ்வொன்றாகப் பிடிக்கும் வழக்கம், அதை வேகவைத்துப் புகையிட்டுக் காயவைத்த மாசி. அந்தத் தூண்டிலுக்குக் கடலில் வீசும் உயிருள்ள இரைமீனையும் லகூனில்தான் பிடிக்கிறார்கள். பவளம் கெட்டால் இரைமீன் போகும், இரைமீன் போனால் சூரையும் கிடைக்காது. அங்கே எனக்கு வாய்த்தது ஒரு பகல்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கடலைவிட மனிதர்களைப் பார்க்கத்தான் ஆசை என்றால், கத்மத்தை விட்டுவிட்டு மினிக்காய் வரும் கப்பலைப் பிடியுங்கள்.

கத்மத் என்று முடிவு செய்பவர்கள் தேதி குறிப்பதற்கு முன் அந்த வாரத்தின் கடல் ஏற்ற வற்ற நேரத்தைப் பாருங்கள். மினிக்காய்க்கான அட்டவணை எளிதாகக் கிடைக்கும், கத்மத்துக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஏற்றம் பகல் வெளிச்சத்தில், முற்பகலிலோ நடுப்பகலிலோ வரும் நாட்களாகப் பார்த்து அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.