கொல்லையில் தேங்கிய தண்ணீருக்கு வடிகால் போட்டோம், ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

போன சித்திரையில் எங்கள் கொல்லைக்கு வடிகால் போட்டுக் கொடுத்த கொத்தனாரைப் பற்றி அப்போதே எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு ஐப்பசி, கார்த்திகை தாண்டாமல் இந்த மாதிரி வேலையைப் பாராட்டவும் முடியாது, குறை சொல்லவும் முடியாது. சித்திரை வெயிலில் எல்லாக் கொல்லையும் காய்ந்துதான் கிடக்கும். இப்போது மழை முடிந்துவிட்டது, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலைமை. மதுரை மாவட்டம் திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில் மூன்றரை சென்டில் வீடு. கட்டும்போது தெருவை விட ஒன்றரை அடி உயரத்தில்தான் கட்டினோம். அப்புறம் தெருவில் இரண்டு தடவை பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டார்கள், வீடு பள்ளமாகிவிட்டது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார், எங்கள் தெருவுக்கு அது வருவதற்கு முன்பே இரண்டு அடுக்கும் ஏறிவிட்டது. மழை பெய்தால் தெருத் தண்ணீரும் மாடித் தண்ணீரும் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து நிற்கும். கரிசலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, குடித்தவரை குடித்து உப்பிக்கொள்ளும், அப்புறம் ஒரு சொட்டு உள்ளே இறங்காது, வெயில் வந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். நாலு நாள், அஞ்சு நாள் தண்ணீர் அப்படியே நிற்கும். முருங்கை வேர் அழுகிச் சாய்ந்தது. இரண்டு மல்லிச் செடியும் மஞ்சளாகி இலை கொட்டியது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். 2023 கார்த்திகையில் அத்தை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது, அதற்கு அப்புறம் பொறுக்க முடியவில்லை.

அப்போது முதலில் ஒருவரிடம் வேலை கொடுத்தோம். பெயர் வேண்டாம். வந்தார், பத்து நிமிடம் பார்த்தார், "மட்டத்தை உயர்த்திட்டா சரியாப் போகும்" என்றார், இரண்டு டிராக்டர் கிராவல் கொட்டி மேலே பேவர் பிளாக் பதித்தார். மூலையில் தண்ணீர் இறங்க ஒரு ஜாலி, அதாவது ஓட்டை போட்ட மூடி, வைத்து அதிலிருந்து பைப்பை செப்டிக் டேங்கில் சேர்த்துவிட்டார். அது தப்பு என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த பெரிய மழையில் செப்டிக் டேங்க் நிரம்பிக் கழிப்பறை வழியாகவே மேலே வந்தது, அந்த ராத்திரியை இங்கே எழுத மனசு வரவில்லை. கிராவல் கொட்டி உயர்த்திய கொல்லைத் தண்ணீர் இப்போது வீட்டுச் சுவரைப் பார்த்து ஓடியது, சமையலறைச் சுவரில் மூன்றடிக்கு ஓதம் ஏறியது. கீழே கரிசல் உப்பியதில் பேவர் பிளாக் மேடும் பள்ளமுமாகத் தூக்கிக்கொண்டது. போன் பண்ணினால் எடுக்கவில்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மழைத் தண்ணீரைச் செப்டிக் டேங்கில் சேர்க்கிறேன் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள்.

2024 அக்டோபரில் மதுரை செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் மதினி இந்தக் கொத்தனாரைப் பற்றிச் சொன்னார். சிமெண்ட் வளையங்களை அடுக்கி உறை கிணறு இறக்குவதுதான் அவருடைய முக்கிய வேலை, கள்ளிக்குடிப் பக்கம் நிறைய செய்திருக்கிறார். போன் பண்ணினேன். "இப்ப வந்து என்னம்மா பார்க்க, நல்லா மழை விழுகுறப்ப கூப்பிடுங்க, அப்பத்தான் தண்ணி எங்கிட்டு இருந்து வருதுன்னு தெரியும்" என்றார். சொன்னபடியே கார்த்திகையில் ஒரு சாயங்காலம் கொட்டுகிற மழையில் பைக்கில் வந்தார். அரை மணி நேரம் கொல்லையில் நின்றார், சந்தில் நடந்தார், மாடியில் ஏறி எந்தக் குழாயில் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தார், காம்பவுண்டு சுவரில் ஆணியால் கீறித் தண்ணீர் நின்ற மட்டத்தைக் குறித்துவைத்தார். அதற்குக் காசு கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே இதைப் படிக்கிறவர்கள் அவர் மாதிரி ஆளைத் தேட வேண்டும் என்று சொல்வேன். முந்தினவர் பைப்பில் இருந்து ஆரம்பித்தார், இவர் தண்ணீரில் இருந்து ஆரம்பித்தார்.

வேலையைச் சித்திரைக்குத் தள்ளிவைத்தார். ஈரக் கரிசலில் மண்வெட்டி போட்டால் மண் அப்பிக்கொள்ளும், வெட்ட வராது, பள்ளமும் சரியும் என்றார். சித்திரையில் வந்ததும் முதல் வேலை, கொல்லையின் கடைசி மூலையில், வீட்டு அஸ்திவாரத்தில் இருந்தும் செப்டிக் டேங்கில் இருந்தும் நன்றாகத் தள்ளி, ஓரடிக்குக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு இஞ்ச்தான் இறங்கியிருந்தது. "பார்த்தீங்களா, இந்த மண்ணுல சும்மா உறிஞ்சுகுழி போட்டா அது குழியாத்தான் இருக்கும், உறிஞ்சாது" என்றார். அதே இடத்தில் தோண்டிக்கொண்டே போனார்கள். ஒன்பதடியில் கரிசல் முடிந்து வெள்ளைச் சுக்கான், சுண்ணாம்புக் கல் கலந்த மண், வந்தது. இன்னும் மூன்றடி போய், ஒரு டிரம் தண்ணீர், 200 லிட்டர், ஊற்றச் சொன்னார். இருபது நிமிடத்தில் காணோம். எனக்கு அன்றைக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அந்தக் குழியில் மூன்றடி விட்டமுள்ள சிமெண்ட் உறை பன்னிரண்டு இறக்கினார்கள், கீழே உள்ள மூன்று உறையில் ஓட்டை போட்டது, சுற்றிலும் ஒன்றரை இஞ்ச் ஜல்லி. ஓரடி உயர உறை ஒன்று ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும், பைப் நுழைகிற மட்டத்துக்குக் கீழே பத்து உறை, ஆக 2,000 லிட்டர். எங்கள் மாடி 900 சதுர அடி. அதில் 5 செ.மீ. மழை பெய்தாலே 4,000 லிட்டருக்கு மேல் வரும். அதனால் கிணறு மட்டும் போதாது என்று அவரே கணக்குப் போட்டுச் சொல்லி, கிணறு நிரம்பினால் வழிந்துபோக ஒரு பைப்பைப் பின்னாடி உள்ள வாய்க்காலுக்குக் கொண்டுபோனார். அந்த வாய்க்கால் கண்மாய்க்குப் போவது, எங்கள் கொல்லையை விட மூன்றடி பள்ளம், அதனால் தானாகவே ஓடும். நேராக வாய்க்காலிலேயே விட்டுவிடலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "வாய்க்கால் நிறைஞ்சு ஓடுறப்ப உங்க தண்ணி எங்க போகும் சார்? அப்புறம் உங்க போருக்கும் ஒரு வாய் தண்ணி வேணாமா" என்றார். 2003-லேயே மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள், நாங்கள் கட்டும்போது பேருக்கு ஒரு குழி தோண்டி மூடியதோடு சரி.

அடுத்தது கொல்லையில் தேங்குகிற தண்ணீர். அஸ்திவாரத்தை விட்டு ஐந்தடி தள்ளி, 55 அடி நீளத்துக்கு, ஓரடி அகலத்தில் பள்ளம். ஆரம்பத்தில் ஒன்றரை அடி ஆழம், கிணற்றுப் பக்கம் வரும்போது இரண்டடிக்கு மேல். நூறு அடிக்கு ஓரடி வாட்டம், அதாவது சரிவு, என்று கணக்கு. கண்ணால் பார்த்துப் போடவில்லை. தண்ணீர் நிரப்பிய டியூப்பை வைத்து ஒவ்வொரு பத்தடிக்கும் மட்டம் பார்த்து, முளை அடித்து, நூல் கட்டினார். ஒரு இடத்தில் கையாள் இரண்டு விரல் அதிகமாக வெட்டிவிட்டார் என்று அவ்வளவு தூரமும் மறுபடி சரிபண்ணச் சொன்னார். பள்ளத்தில் முதலில் ஜியோ டெக்ஸ்டைல் துணி, மாடித் தோட்டம் போடுகிறவர்கள் விரிப்பார்களே அதுதான். அதன் மேல் முக்கால் இஞ்ச் ஜல்லி, அப்புறம் ஓட்டை போட்ட நாலு இஞ்ச் பைப், மேலே மறுபடி ஜல்லி, துணியை மடித்து மூடி மேலே மணல். பைப்பில் ஓட்டை கீழ்ப்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும். நான் மேலே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நீர் மட்டம் கீழே இருந்து ஏறும்போது முதல் ஓட்டையிலேயே உள்ளே போய்விட வேண்டும் என்று அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. அந்தத் துணி இல்லாவிட்டால் கரிசல் வண்டல் இரண்டு மழையில் ஜல்லியை அடைத்துவிடும்.

சந்தில் மட்டும் ஓட்டை போடாத பைப். சந்து மூன்றடிதான், அஸ்திவாரம் ஒட்டியே இருக்கிறது, அங்கே மண்ணுக்குள் தண்ணீர் விட்டால் கரிசல் உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கும் என்றார். முன்பக்க மாடிக் குழாயையும் தெருவில் இருந்து வருகிற தண்ணீரையும் அந்த மூடின பைப்பில் பிடித்து, வழியில் ஒரு சேம்பர், சின்னத் தொட்டி மாதிரி, கட்டி, மண் படிந்த பிறகு கிணற்றுக்குப் போகிற மாதிரி செய்தார். செப்டிக் டேங்க் பைப்பை வெட்டி எடுத்து அடைத்ததும் அவரேதான்.

செலவு. மூன்று பேர் ஆறு நாள் கூலி 18,000. கிணறு தோண்டி உறை இறக்க 9,000, உறை 6,600, ஜல்லி ஒன்றரை யூனிட் 6,750, பைப் வகையறா 5,000 சொச்சம், துணி 2,400, சேம்பர், சிமெண்ட், மூடி எல்லாம் சேர்த்து 5,000. மொத்தம் 52,700 சொச்சம் ஆனது. முந்தினவருக்குக் கொடுத்தது 64,000. சாமான் எல்லாம் நாங்களே கடையில் வாங்கினோம், அவர் பில்லில் கை வைக்கவில்லை.

குறையும் உண்டு. சொன்ன தேதிக்குப் பதினொரு நாள் தாமதமாக வந்தார், நடுவில் ஒரு கோயில் கொடைக்கு மூன்று நாள் போய்விட்டார், கொல்லை முழுக்கப் பள்ளமாகக் கிடக்க அத்தையை வெளியே விட முடியாமல் தவித்தோம். துணி வேண்டாம், பழைய சிமெண்ட் சாக்கே போதும் என்று முதலில் சொன்னார், நாங்கள் பிடிவாதமாக இருந்ததால்தான் துணி போட்டார். தோண்டிய மண்ணை அள்ளிக்கொண்டு போவது கூலியில் சேரும் என்று நினைத்தோம், சேரவில்லை, டிராக்டருக்குத் தனியாகக் கொடுத்தோம். முதல் மழைக்கு அப்புறம் பள்ளத்தின் மேல் மண் நாலு இஞ்ச் இறங்கியது, இரண்டு தடவை போன் பண்ணிய பிறகுதான் வந்து நிரவினார், ஆனால் வந்தார், காசு வாங்கவில்லை. கிணற்று மூடியில் கொக்கி இல்லாமல் போட்டிருந்ததையும் அன்றைக்கே மாற்றினார். வழிகிற பைப்பின் வாயில் கொசு வலை கட்டுவது அவருக்கு ஞாபகமே இல்லை, நாங்கள்தான் கட்டினோம், இதை மறக்காதீர்கள், டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

இனி மழை. ஐப்பசியில் ஒரு ராத்திரி விடாமல் பெய்தது, கொல்லையில் வைத்திருந்த பெயிண்ட் டப்பாவில் காலையில் இரண்டு இஞ்ச் தண்ணீர். பத்து மணி வாக்கில் டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். காம்பவுண்டு சுவரில் அவர் ஆணியால் கீறிய கோடு அப்படியே வறண்டு இருந்தது. தரையில் அங்கங்கே கால் நனைகிற அளவு, அதுவும் நகர்ந்துகொண்டிருந்தது. கிணற்று மூடியில் காது வைத்தால் உள்ளே சலசலவென்று சத்தம். பன்னிரண்டு மணிக்குக் கிணறு நிரம்பி வாய்க்காலுக்கு வழிய ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்குக் கொல்லையில் தண்ணீர் இல்லை, ஈரம்தான். கார்த்திகையில் இரண்டு நாள் தொடர்ந்து பெய்தபோது மட்டும் துவைக்கிற கல்லைச் சுற்றி அரை நாள் தேங்கியது, அந்த இடம் பள்ளத்தில் இருந்து தூரம், அங்கே ஒரு கிளைப் பைப் கேட்டிருக்க வேண்டும், அடுத்த சித்திரையில் போடப் போகிறோம், அவரிடமேதான். சமையலறைச் சுவரில் ஓதம் இன்னும் முழுதாகக் காயவில்லை, புதிதாக ஏறவில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். பெயரும் எண்ணும் இங்கே போடவில்லை, இருக்கிற ஆளுக்கு இருக்கிற வேலையே போதும், நிறையப் பேர் கூப்பிட்டால் சமாளிக்க முடியாது என்றார். செம்மண் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு இவ்வளவு ஆழமான கிணறு தேவைப்படாமல் இருக்கலாம், குழி வெட்டி ஒரு ராத்திரி தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள், அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சேம்பரை மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவையாவது திறந்து வண்டல் அள்ள வேண்டும். நான் இதுவரை மூன்று தடவை அள்ளினேன், ஒவ்வொரு தடவையும் அரை வாளிக்குக் குறையவில்லை. அதை வீசாமல் மல்லிச் செடி அடியில் போட்டேன். ஒன்று பட்டுப்போனது, இன்னொன்று துளிர்த்திருக்கிறது. அத்தை இப்போது காலையில் தானே போய் அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறார்.