டோம்ஸ்டே வட்டுகள்: எமுலேட்டரா, இடமாற்றமா?

1986-இல் பிபிசி, பத்து லட்சம் பேர் பங்களித்த பிரிட்டன் வாழ்க்கைப் பதிவை ‘டோம்ஸ்டே’ என்ற பெயரில் லேசர் வட்டுகளில் சேமித்தது. அவற்றைப் படிக்கும் கணினியும் வட்டு இயக்கியும் சில வருடங்களிலேயே அரிதாகிவிட்டன.

2011-இல் பிபிசி ஊர்மக்கள் எழுதியதையும் எடுத்த படங்களையும் இணையத்துக்கு மாற்றியது; இடமாற்றம் என்பது இதுதான். தன் ஊரைப் பற்றி வாசிக்க நினைப்பவருக்கு இதுவே எளிது, சரி. ஆனால் நாடு முழுவதையும் பற்றிய ‘தேசிய வட்டு’ என்ற இன்னொரு வட்டில் இருந்த, அடி அடியாக நடந்து சுற்றிப் பார்க்கும் காட்சிகள் அதில் வரவில்லை.

2002-இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எமுலேட்டரைக் காட்டினார்கள். பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் அது. வட்டுகளுக்காக அன்று எழுதிய அசல் நிரல் அதன்மேல் அப்படியே ஓடும். வரைபடத்தைப் பெரிதாக்கி ஊருக்குள் இறங்கும் அனுபவமும் பிழைக்கிறது. அதனால் என் ஓட்டு இதற்குத்தான். அப்புறம், புதிய கணினிகள் வரும்போதெல்லாம் அந்த எமுலேட்டரையும் யாராவது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்; அதற்கு ஆளும் பணமும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.